சட்டைப் பையில் சூயிங்கம்

சலவைக்கடையில் துணியை இயந்திரத்துக்குள் போடுவதற்கு முன் பைகளைத் துழாவிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த வேலையிலேயே தலை நரைக்க ஆரம்பித்தவள் கறையக்கா. எப்பேர்ப்பட்ட கறையையும் போக்கிவிடுவாள் என்பதால் கடையில் அவளுக்கு அந்தப் பேர். கறையோடு நிறுத்திக்கொண்டாளா என்றால், அதுதான் இல்லை. பையில் கிடப்பதை வைத்தே எவன் யோக்கியன், எவன் அயோக்கியன் என்று தீர்ப்பும் சொல்லிவிடுவாள். சூயிங்கம் கிடந்தால் தீர்ப்பு ஒன்றுதான்: "வீட்டுக்குத் தெரியாம குடிக்கிறான். வாடையை மறைக்கிறான்."

ஒருநாள் வீட்டில் புருஷனின் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பழக்கதோஷம், கை தானாகப் பைக்குள் போயிற்று. உள்ளே மூன்று சூயிங்கம் பாக்கெட்! அவன் பஸ் டிரைவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் என்ன ஆவது?

அதன்பிறகு அவன் எது செய்தாலும் அவளுக்குச் சாட்சிதான். பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்கிறானே, ஏன்? மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால் முகத்தைத் திருப்புகிறானே, ஏன்? படுத்தால் சுவரைப் பார்த்துப் படுக்கிறானே, அதுதான் ஏன்? கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். 'கேட்டா உண்மையைச் சொல்லிடப் போறாராக்கும்' என்று விழுங்கிவிடுவாள்.

பாவி மனுஷன், தலையணை உறையில் ஒரு சிவப்புக் கறையை வேறு விட்டு வைத்தான். இது குடி இல்லை, வேறு கதை என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. உறையைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள்.

"லிப்ஸ்டிக்கேதான்க்கா!" என்றாள் இஸ்திரி போடுகிறவள், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு. "நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. ஆம்பளைங்கள நம்பவே கூடாது. உங்கண்ணனுக்கு ஒரு போனைப் போடுங்க."

கறையக்கா போனைப் போட்டாள். சாயங்காலம் வருவதாக அண்ணன் உறுமினான். இவளும் மகளை அழைத்துக்கொண்டு அவனோடு கிளம்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

சாட்சியை உறுதி செய்ய வேண்டாமா? கறையின் ஓரத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தாள். லிப்ஸ்டிக் என்றால் கரைந்து பரவும். இது அசையவில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். தண்ணீர் மெல்லச் சிவந்தது.

"அய்யோ, ரத்தம்டி!"

பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய கறை. ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது. உறையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

"வாயைத் தொறங்க."

"எதுக்கு?" என்றான் அவன், கையால் பொத்திக்கொண்டு.

"தொறங்கன்னா தொறங்க!"

திறந்தான். நாற்றம் குப்பென்று அடித்தது. ஆனால் அது சாராய நாற்றம் இல்லை. ஈறு முழுக்க வீங்கிச் சிவந்திருந்தது. முன்பல் ஒன்று ஆடியது.

"பல்லு வெளக்கினாலே ரத்தம் வருது. அதனால வெளக்குறதையே விட்டுட்டேன். சூயிங்கம் மென்னா ஈறு கெட்டியாயிடும்னு எங்க கண்டக்டர் சொன்னான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"வாய் நாறுதுன்னு பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது? அசிங்கமா இருந்துச்சு."

"ஊரான் அழுக்கையெல்லாம் கையால கசக்குறவ நான். என்கிட்ட என்ன அசிங்கம்?"

"சரி, இத்தனை நாளா என்னை மொறச்சுக்கிட்டே இருந்தியே, நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவளுக்கு அழுகைதான் வந்தது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்கு வந்த அண்ணன், ஒன்றும் புரியாமல் இருவரையும் தன் வண்டியில் பல் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

டாக்டரம்மா அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது சர்க்கரை போட்டது. கிருமிக்கு நீங்களே விருந்து வெச்சிருக்கீங்க. சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை இல்லாத சூயிங்கத்தைக் கொஞ்ச நேரம் மென்னா எச்சில் நல்லா ஊறும், பல்லுல ஒட்டினதும் கொஞ்சம் போகும். நல்லதுதான். ஆனா அது கண்டக்டர் மாதிரி. டிரைவர் சீட்டுல பிரஷ்தான் உக்காரணும். ரத்தம் வந்தாலும் மெதுவா வெளக்கணும், எங்ககிட்டயும் காட்டணும். மத்த பல்லைக் காப்பாத்திடலாம். இந்த முன்பல் நிக்கிறது சந்தேகம்தான். முதல்ல ரத்தம் வந்தப்பவே வந்திருக்கலாமே!"

அந்தப் பல் நிற்கவில்லை.

சில நாள் கழித்து, கடையில் யாரோ ஒருவர் சட்டையிலிருந்து சூயிங்கம் பாக்கெட் விழுந்தது. இஸ்திரிக்காரி கண்ணைச் சிமிட்டினாள். "அக்கா, இவனும் குடிகாரன்தானே?"

கறையக்கா அதை எடுத்துப் பத்திரமாகத் தனியே வைத்தாள்.

"யாருக்கு என்ன நோவோ, நமக்கென்ன தெரியும்? ஈறுல ரத்தம் வந்தா சூயிங்கத்தைப் போட்டு மறைக்காம டாக்டர்கிட்ட போகணும். புருஷன் மேல சந்தேகம் வந்தா உன்கிட்ட வராம அவர்கிட்டயே கேக்கணும். நான் அன்னைக்கே கேட்டிருந்தா, அவருக்கு அந்தப் பல்லு இருந்திருக்கும்டி."