சார் என்றால் ஷோ

மூணு சீட்டை ஊரார் சூதாட்டம் என்றார்கள். ஞானசேகர் வாத்தியாருக்கு அது கணிதம். ஜோடிச் சீட்டு இல்லாமல் எதிராளியைத் திறந்து காட்டச் சொல்லி 'ஷோ' கேட்பதில்லை என்று ஒரு சட்டம் வகுத்து, அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து ஒருநாளும் மீறாமல் இருந்தார். அதை மற்றவர்களுக்கும் இலவசமாகப் போதித்திருந்தார். ஆகவே, கொஞ்சம் மிரட்டினால் வாத்தியார் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிடுவார் என்பது நாச்சியாபுரம் முழுக்கத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சேவுகன் ஆசாரியின் தச்சுப் பட்டறையில் உட்கார்ந்தவர், மூன்று மணிக்குள் சைக்கிள் சாவியைத் தோற்றிருந்தார். மாமனார் ஐந்து மணி பஸ்ஸில் வருகிறார். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த சைக்கிள். வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், மகளை அப்புறம்தான்.

"வாச்சை வைடா சேகரு. நான் சாவியை வைக்கிறேன்" என்றார் சேவுகன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருவரும் வாடா போடாதான்.

வாத்தியாருக்கு வந்தது ராஜா, ஒன்பது, நாலு. சட்டப்படி கை கவிழ்க்கப் போனது.

"யோசிச்சுச் செய்யுங்க சார். அப்புறம் வருத்தப்படாதீக."

சாராம்! வருத்தப்படாதீகவாம்! செய்யக் கொடுத்த கதவைக் கேட்டு வரும் ஆச்சிமாரிடம், "வெள்ளிக்கிழமை வந்துரும், கவலைப்படாதீக" என்று சேவுகன் எட்டு மாதமாகச் சொல்கிற அதே குரல்.

"ஷோ" என்றார் வாத்தியார்.

சேவுகனிடம் இருந்தது வெறும் ராணி.

"ஒத்த ராஜாவை வச்சுக்கிட்டாடா கேட்ட? ஒன் சட்டம் என்னாச்சு?"

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். வாத்தியார் ஆயிற்றே, விளக்காமல் முடியுமா?

"கையில ஒண்ணும் இல்லைன்னா நீ மரியாதை குடுப்ப. நல்ல சீட்டுன்னா வாடா போடா. இனிமே இதுதான் சட்டம். சார்னா ஷோ!"

சேவுகன் நல்ல மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டு சீட்டைக் கலைத்தார்.

இந்தத் தடவை வாத்தியாரிடம் ராணிக்கு மேல் எதுவும் இல்லை. இருந்தும் கை சாவியிடம் போனது.

"சைக்கிளையா வைக்கிறீக சார்? வேணாம் சார். மாமா வேற வர்றாக சார்."

மூன்று சார்! வாத்தியார் சிரித்துக்கொண்டே சாவியைப் போட்டார். "ஷோ!"

சேவுகன் விரித்த மூன்று சீட்டும் பத்து.

நாலேமுக்காலுக்கு வாத்தியார் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார், மாமனாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல். பின்னால் மணிச் சத்தம். சேவுகன் இறங்கி ஹேண்டில்பாரை அவர் பக்கம் திருப்பினார்.

"ஏறி மிதிடா. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். மாமா ஊருக்குப் போற வரைக்கும் இது ஒன்னோட சைக்கிள்தான். வெளிய மூச்சு விட மாட்டேன்டா."

டா போட்டுத்தான் சொன்னார். அதை நம்பலாமா கூடாதா என்பதற்கு வாத்தியாரிடம் இப்போது எந்தச் சட்டமும் இல்லை. நண்பனின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு ஏறி மிதித்தார்.