அரிசி வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து

தோழியர் மன்றத்தில் சேர நூற்றைம்பது மலேசிய வெள்ளி. மாதச் சந்தா முப்பது. ஆண்டு விழாவுக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் எடுக்க வேண்டிய புடவைக்குத் தனியாக எண்பது. முதல் செமஸ்டரில் கல்லூரி வாசலில் கொடுத்த தாளைத் தினேஸ்வரி ஒருமுறை படித்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அப்பா ராஜு, ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் காவலாளி. ஈப்போவில் தங்கிப் படிப்பதற்கே வீட்டில் இரண்டு நகை போயிருந்தது.

இரண்டு வாரம் கழித்து மன்றத் தலைவி ஷாமினி ஹாஸ்டல் அறைக்கே வந்தாள். இறுதியாண்டு மாணவி. நல்ல உடை, நல்ல பேச்சு. உட்காரக்கூட இல்லை. தினேஸ்வரியின் பேரில் ஓராண்டுச் சந்தா கட்டியாகிவிட்டது, சனிக்கிழமை வந்தால் போதும் என்றாள். யார் கட்டியது என்று கேட்டதற்கு, "ஒரு நல்ல மனுசன். பேரு சொல்ல வேணாம்னாரு," என்றாள்.

அன்று மாலை போனில் அப்பாவிடம் சொன்னாள்.  அவர், சேர்ந்துகொள், ஆனால் சும்மா கொடுக்கிறவனிடம் காரணம் இருக்கும், அதை மட்டும் மறந்துவிடாதே என்றார்.

மன்றம் ஈப்போவின் ஜெலாப்பாங் பகுதியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. எட்டுப் பெண்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள், மற்றவர்கள் வந்துபோனார்கள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருத்திக்கும் ஓர் அக்காவை ஒதுக்குவார்கள். தினேஸ்வரிக்குக் கிடைத்தவள் வெண்டி. தாதியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு. கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. அதிகம் பேசமாட்டாள். இரண்டாம் மாதத்தில் தினேஸ்வரிக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, நான்கு நாளும் வகுப்பு முடிந்ததும் கஞ்சியோடு வந்து உட்கார்ந்தவள் அவள்தான். மன்றப் பெண்கள் முறைபோட்டு வந்து பார்த்தார்கள். விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொண்டு வந்து தலைமாட்டில் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் தினேஸ்வரிக்குத் தன் சந்தேகமெல்லாம் சின்னப் புத்தியாகப் பட்டது.

குணமாகி வந்த பிறகு அவளை அறப்பணிக் குழுவில் போட்டார்கள். ஒளிக்கரம் அறவாரியம் என்று ஒன்று. அதன் பொறுப்பாளர் கனகராஜ். பேச்சுக்குப் பேச்சு "தங்கச்சி" என்பார். மாதம் ஒருமுறை அரிசி, எண்ணெய், பால்மாவு எல்லாம் அவர் தருவார். பெண்கள் அதைப் பை பையாகக் கட்டி, சுங்கை சிப்புட் பக்கம் பாலத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ரப்பர் வெட்டி இருபது வருடம் ஆகிறது. மரமெல்லாம் செம்பனையாகிவிட்டது. ஆனால் பழைய லயத்து வரிசை வீடுகளில் இன்னும் பதினான்கு குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலும் வயதானவர்கள்.

முதல் தடவையே தினேஸ்வரியை அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஷாமினியும் மற்றவர்களும் பேசுவது அவர்களுக்குப் பாதி புரியவில்லை. தினேஸ்வரி தோட்டத்தில் பிறந்தவள். "என்னா தாத்தா, காலையில பசியாறிட்டீங்களா?" என்று அவள் கேட்டதும் சன்னாசி என்ற பெரியவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எழுபத்திரண்டு வயது. முப்பத்தைந்து வருடம் அதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மகன் ரூபன் ஈப்போவில் வேலை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். ஷாமினி ஒரு கட்டுப் படிவத்தைத் தினேஸ்வரியிடம் கொடுத்து, நீயே பேசி வாங்கிவிடு என்றாள். மூன்று பக்கம், மலாயில் பொடி எழுத்து. பேர், ஐ.சி. அடையாள அட்டை நம்பர், எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்கள், கடைசியில் கையெழுத்து. இது எதற்கும்மா என்று சன்னாசி கேட்டார்.

"அரிசி வாங்கினதுக்கு ஒரு கையெழுத்து தாத்தா," என்றாள் தினேஸ்வரி. ஷாமினி சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். சன்னாசி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகத் தன் பேரை எழுதினார். அன்று எட்டு வீடு முடிந்தது.

அடுத்த மாதம் மீதி ஆறு வீடு. கடைசி வீட்டில் ஒரு பெண்மணி கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் தினேஸ்வரி மூன்றாம் பக்கத்தைச் சும்மா புரட்டினாள். நடுவில் ஒரு சொல் கண்ணில் பட்டது. செமெந்தாரா. தற்காலிகம்.

அந்தச் சொல் அவள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாதம் கழித்து இவர்கள் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டார்கள். நாற்பது வருடக் குடும்பம் அந்தத் தாளில் "செமெந்தாரா" ஆகியிருந்தது. இன்றைக்கும் அப்பா கோபம் வந்தால், "நான் என்ன செமெந்தாராவா?" என்றுதான் கேட்பார்.

அவள் அந்தப் பத்தியை மெதுவாகப் படித்தாள். கையெழுத்திடுபவர் உரிமையாளரின் தயவில் தற்காலிகமாகக் குடியிருப்பதாக ஒப்புக்கொள்கிறார். அறிவிப்பு கிடைத்த முப்பது நாளில் காலி செய்வார். அதற்குள் அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஷாமினி வந்து தாளை வாங்கிக்கொண்டாள். தினேஸ்வரி அவள் பின்னாலேயே காருக்குப் போனாள்.

திரும்பும்போது அவள் காரின் முன்சீட்டில் இருந்தாள். பின்சீட்டில் வெண்டி படிவக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஷாமினி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்புறம் காட்டும் கண்ணாடியில் தினேஸ்வரியின் பார்வை பட்டதும் வெண்டி போனைக் கவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தினேஸ்வரி சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. யாருக்கு அனுப்புகிறாள் வெண்டி? மருத்துவமனையில் நான்கு நாள் உட்கார்ந்தாளே, எதற்கு? அப்போது தனக்குக் காய்ச்சல் அடிக்கும்போது வெண்டி என்னென்னவோ கேட்டாள்: எந்தத் தோட்டம், எப்போது வெளியே வந்தீர்கள், அங்கே யாரையாவது தெரியுமா என்று. அக்கறை என்று நினைத்துப் பதில் சொன்னதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வெண்டியே வலிய வந்து, "கனகராஜ் அண்ணன உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றாள் தினேஸ்வரி. வெண்டி அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். நம்பவில்லை என்று தெரிந்தது. வேவு பார்க்கிறாள் என்றுதான் தினேஸ்வரி முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை மன்ற வீட்டில் இருவரும் அரிசிப் பை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த வெண்டியின் போன் வெளிச்சம் போட்டது. திமோத்தி என்ற பேர். கீழே செய்தி: மீதி ஆறில் பாதிதான் வந்தது, மற்றதையும் சீக்கிரம் அனுப்பு.

தினேஸ்வரி போனைக் கையில் எடுத்துவிட்டாள். "யாரு திமோத்தி?"

வெண்டி போனைப் பிடுங்கவில்லை. பையின் வாயைக் கட்டி முடித்தாள். "என் அண்ணன். லாயர் ஆபீஸ்ல கிளார்க். இப்ப நீ சொல்லு. உன் சந்தாவ எதுக்குக் கனகராஜ் கட்டுறாரு?"

 கட்டியது யார் என்று அந்த நிமிடம்தான் தினேஸ்வரிக்குத் தெரியும். அதைச் சொன்னாள். வெண்டி நம்ப நேரமாயிற்று. பிறகு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தோட்டத்துக்குப் போன முதல் தடவையே படிவத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அன்று எட்டுத் தாளை அவசரமாகப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்த நிலத்தை வாங்கியிருக்கிற வீடமைப்புக் கம்பெனியின் இயக்குநர்களில் கனகராஜும் ஒருவர் என்று திமோத்தி தேடிக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் மன்றத்தில் யாரிடம் சொல்வது என்று வெண்டிக்குத் தெரியவில்லை. தினேஸ்வரி சேர்வதற்கு முன் ஒருநாள் கனகராஜ் மாடியில் ஷாமினியிடம் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"என்ன பேசினாரு?"

"தோட்டத்துப் பேச்சு பேசுற புள்ளையா ஒண்ணு சேத்துக்க, கெழடுங்க நம்பும், சந்தா நான் கட்டுறேன்னாரு. அடுத்த வாரம் நீ வந்த. நீ அவரு ஆளுன்னு நெனச்சேன் லா."

தினேஸ்வரி அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். டெங்கியில் கிடந்தபோது கேட்ட கேள்விகளுக்கும் இப்போது அர்த்தம் புரிந்தது. ஒருத்தியை ஒருத்தி நம்பாததில், முதல் கையெழுத்துக்குப் பிறகு முழுசாக ஒரு மாதம் போயிருந்தது.

ஷாமினி வகுப்பு முடிந்து வந்ததும் இருவரும் அவள் அறைக்குப் போனார்கள். வெண்டி கேட்டாள். ஷாமினி மறுக்கவில்லை. அறவாரியத்துக்கு அந்தத் தாள் தேவை என்று தெரியும், எதற்கு என்று நான் கேட்கவில்லை என்றாள். கேட்காமல் இருந்தது தெரிந்துதானா என்று வெண்டி திருப்பிக் கேட்டாள்.

"பன்னெண்டு பேருக்கு அவரு சந்தா கட்டுறாரு," என்றாள் ஷாமினி. "போன வருசம் துளசிக்கு ஆபரேசன் செலவு முழுக்க அவருதான். உனக்குத் தெரியாதா? இந்த வீட்டு வாடகை யாரு கட்டுறான்னு நெனைக்கிற? நான் கேள்வி கேட்டிருந்தா இதெல்லாம் யாரு பாப்பா?"

 துளசி பக்கத்து அறையில்தான் இருந்தாள். தினேஸ்வரி, தாள்கள் எங்கே என்று மட்டும் கேட்டாள்.  ஷாமினி அலமாரியைத் திறந்து ஆறு படிவத்தை எடுத்துக் கட்டிலில் போட்டாள். முதல் எட்டும் போன மாதமே கனகராஜிடம் போய்விட்டன. அந்த எட்டில் சன்னாசியுடையதும் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் பிடித்துப் பாலத்துத் தோட்டத்துக்குப் போனார்கள். கையில் எதுவும் கொண்டுபோகவில்லை. ஆறு வீட்டிலும் அவரவர் தாளைத் திருப்பிக் கொடுத்து விவரம் சொன்னார்கள். ஒருவர் அங்கேயே கிழித்து அடுப்பில் போட்டார். வெண்டி கூட வருகிறேன் என்று சொல்லியும், சன்னாசி வீட்டுக்குத் தினேஸ்வரி தனியாகத்தான் போனாள்.

அவர் வாசலில் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், அந்தத் தாள் அரிசிக்கு இல்லை என்று. அதில் என்ன எழுதியிருந்தது என்று வரி வரியாகச் சொன்னாள். தனக்கு மலாய் படிக்கத் தெரிந்தும் படிக்காமல் கொடுத்ததையும் சொன்னாள்.

சன்னாசி தீவனச் சட்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒருத்தன் தாளோட வந்தான். தொரத்திவுட்டேன். போன வருசம் ஒருத்தன். அவனையும் வுடல," என்றார். "நீ குடுத்தேன்னுதாம்மா போட்டேன். நம்ம புள்ளைன்னு."

தினேஸ்வரிக்குக் கண் நிறைந்தது. அழுதால் அவர் தன்னைத் தேற்ற வேண்டிவரும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். திமோத்தி வேலைபார்க்கும் ஆபீஸின் லாயர் சொன்னதைச் சொன்னாள். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று எட்டுப் பேரும் சத்தியப்பிரமாணம் எழுதித் தரலாம். வாங்கியவளும் எழுதித் தந்தால் பலம் அதிகம். தான் எழுதித் தருவதாகச் சொன்னாள். இதை எழுதினால் கல்லூரியில் பேர் கெடலாம். அதை அவரிடம் சொல்லவில்லை.

சன்னாசி யோசித்தார். லாயர் ஆபீசுக்கு வருகிறேன் என்றார். "ஆனா ரூபன் வந்து படிச்சுச் சொல்லட்டும். இனிமே நீ படிக்க வேணாம்."

அவள் தலையாட்டினாள். 

பதினைந்து நாள் கழித்து ஈப்போவில் லாயர் ஆபீஸ் மாடியில் எட்டுப் பேரும் கூடினார்கள். ரூபன் ஒவ்வொரு தாளையும் இரண்டு தடவை உரக்கப் படித்தான். அவரவர் தலையை ஆட்டிய பிறகுதான் பேனாவைக் கொடுத்தான். தினேஸ்வரி தன்னுடையதில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முந்தின நாள்தான் மன்றத்திலிருந்து விலகல் கடிதம் கொடுத்திருந்தாள். கனகராஜ் கட்டிய சந்தாவைத் திருப்பிக் கொடுக்க, சனி ஞாயிறுகளில் ஒரு துணிக்கடையில் நிற்கத் தொடங்கியிருந்தாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

எல்லாம் முடிகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஷாமினி வந்தாள். கையில் ஓர் உறை. யாரையும் பார்க்காமல் திமோத்தியிடம் போய், கனகராஜ் தனக்கு அனுப்பிய செய்திகளையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். பெஞ்சில் இடம் இருந்தும் ஓரமாகப் போய் நின்றாள்.

திமோத்தி உறையைப் பிரித்தான். வெண்டி தினேஸ்வரியைப் பார்த்தாள். ஷாமினி உண்மையாகவே மனம் மாறி வந்திருக்கிறாளா, மாட்டிக்கொள்ளாமல் இருக்க வந்திருக்கிறாளா, இல்லை கனகராஜ்தான் அனுப்பியிருக்கிறாரா? தினேஸ்வரியால் சொல்ல முடியவில்லை. மன்றத்தின் ஆண்டு விழாவில் எல்லோர் கையையும் பிடித்து, "நம்ம எல்லாம் ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி" என்று பேசியவள் இவள். அந்தப் பேச்சுக்குத் தினேஸ்வரியும் அன்று கைதட்டியது உண்மைதான்.

லாயர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, இது உதவும் என்றார். வழக்குப் போடப்போகிறோம், தீர்ப்பு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை யாரும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னார். சன்னாசி அதை ரூபனிடம் திரும்ப ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

ஷாமினி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தினேஸ்வரி கொஞ்சம் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஷாமினி வந்து உட்கார்ந்தாள். தினேஸ்வரி தன் போனை எடுத்து, திரை ஷாமினிக்குத் தெரியாதபடி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.