அப்பாவின் செருப்பு

கர்ப்பத்தில் பிரஷர் ஏறித் தாயையும் பிள்ளையையும் பாடாய்ப் படுத்துமா என்று பன்னிரண்டாம் வாரத்திலேயே பார்த்துச் சொல்லும் சோதனை அது. மூன்று மாதக் கர்ப்பிணியான இவள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வரத்தான் நினைத்தாள். அம்மா ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம் என்று காவல் கூடவே கிளம்பிவிட்டது.

நர்ஸ் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். "நார்மல்."

"காலையிலேர்ந்து அந்தக் கத்து கத்துறா, இவளுக்கா நார்மல்?" என்றாள் அம்மா.

ஸ்கேன் முடிந்தது, ரத்தமும் எடுத்தாயிற்று. மிச்சம் கேள்விகள்தான்.

"உங்க அம்மாவுக்கு மாசமா இருக்கும்போது பிரஷர் இருந்துச்சா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது சிஸ்டர்!" அம்மா முந்திக்கொண்டாள். கண் மட்டும் சம்பந்தியம்மா மேலேயே இருந்தது.

நர்ஸ் பேனாவைத் திறந்தார். இவளோ தையல் ஆலையில் சட்டைகளைச் சோதிப்பவள். பிரிந்த தையலை இஸ்திரி போட்டு மறைத்தால் விடுகிற ஆளா?

"எழுதாதீங்க சிஸ்டர். ஏம்மா, நான் வயித்துல இருந்தப்ப அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சதை ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பியே. எதுக்கு அப்பா செருப்பு?"

"கால் வீங்கிடுச்சு. எல்லாருக்கும் வீங்குறதுதானேடி."

"எல்லாருக்கும் கண்ணு மங்குமா? எட்டாம் மாசமே அவசரமா வயித்தைக் கிழிச்சுப் பிள்ளையை எடுப்பாங்களா? உன் கௌரவத்துக்கு நான் சாகணுமா? சொல்லும்மா!"

அம்மாவின் குரல் உள்ளே போனது. "பிரஷர்னுதான் சொன்னாங்க. சீக்குக்காரி பெத்த பொண்ணுன்னு யாரும் பேசிடக் கூடாதேன்னு..."

மாமியார் தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்கு சம்பந்தி! மூத்தவன் வயித்துல இருந்தப்ப எனக்கும் இதே கதைதான். விரல் வீங்கி மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தாங்க. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு நானும் வாயைத் திறக்கல."

அந்த மூத்தவன்தான் இவள் புருஷன்.

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. "புருஷன் வழியும் கணக்குதான். கல்யாணத்துக்கு முன்னாடியே என்கிட்ட வந்திருக்கலாம்" என்று நர்ஸ் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான். "வந்தே தீரும்னு இல்ல, வரலாம். இப்பவே தெரிஞ்சதால தடுக்கப் பார்க்கலாம்" என்று டாக்டர் சின்ன அளவு ஆஸ்பிரின் எழுதினார். தினம் படுக்கும்போது ஒன்று, முப்பத்தாறு வாரம் வரை.

இப்போதெல்லாம் மாத்திரை போட்டாளா என்று இரண்டு வீட்டிலிருந்தும் போன் வருகிறது. "போட்டாச்சு, வைங்க!" என்று கத்துகிறாள். பிரஷர் இன்னும் நார்மல்தான்.

நேற்று மாமியார் ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே புதுச் செருப்பு, இரண்டு சைஸ் பெரியது.

"எதுக்கும் இருக்கட்டும். என் பிள்ளை செருப்புல கை வைக்காதே."