ஆளில்லாத உச்சி

வுகோட்டாவின் வாழ்க்கையில் இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி இருந்தது. அப்படித்தான் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். நாற்பத்தொரு வயதில் ஒருவன் அப்படி எண்ணுவது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அவனிடம் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

மே மாதம் ஓஹ்ரிட் ஏரிக்கரையில் ஆறு நாடுகள் மோதும் போட்டி. மாண்டினீக்ரோ சார்பில் நான்கு பேர் போகிறார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நான்காவது ஆள் வுகோட்டாவா, கடலோரத்துக் கோட்டோரிலிருந்து வந்திருந்த கிர்ஸ்தோவா என்பது இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலையூரான கொலாஷினுக்கு மேலே இருக்கும் வுகோட்டாவின் வீட்டுக் கூடத்தில் முடிவாக வேண்டும். இதற்கு முன் இரண்டு வருஷம் வுகோட்டா ஐந்தாவதாக வந்து வீட்டில் உட்கார்ந்தவன். நாட்டின் பெயர் எழுதிய சட்டையை ஒரு தடவையாவது போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவனுக்கு இல்லை. வனக்காவலர் அலுவலகத்தில் மே மாதத்துக்கு லீவுகூட எழுதிக் கொடுத்துவிட்டான்.

கணினியில் ஆடும் ஆட்டம் அது. அறுகோணக் கட்டங்கள் போட்ட நிலத்தில் ஆளுக்கொரு முறையாகப் படைகளை நகர்த்த வேண்டும். ஒருவர் நகர்த்தி முடித்த பிறகே அடுத்தவர். இருபத்துநான்கு சுற்றுக்குள் எதிராளியின் பாசறையைப் பிடித்தால் வெற்றி, இல்லாவிட்டால் கடைசியில் யாரிடம் ஆட்கள் அதிகமோ அவருக்கு. கடைசிக் கட்ட ஆட்டங்களை நேரில், ஒரே மேசையில் இரண்டு கணினிகளை எதிரெதிராக வைத்து ஆட வேண்டும். யார் வீட்டில் ஆட்டமோ அந்த வீட்டுக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. எந்தப் பக்கம் வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கலாம்.

நிலத்தின் ஒரு பாதி மலை. மறு பாதி ஆறும் சதுப்பும். வுகோட்டா இருபது வருஷமாக மலையிலேயே நடந்து சம்பளம் வாங்குகிறவன். ஒரு மாதமாக மலைப்பக்கத்தை மட்டுமே ஆடிப் பழகியிருந்தான். மேலிருந்து எய்தால் அம்பு ஒரு கட்டம் கூடுதலாகப் போகும். கீழிருந்து ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கட்ட நடை செலவாகும், ஏறி வந்து அடித்தாலும் அடி பாதிதான் விழும். இதில் தோற்க வேண்டுமென்றால் மெனக்கெட்டுத்தான் தோற்க வேண்டும்.

அவன் மலையைத் தேர்ந்தெடுக்கக் கையைக் கொண்டுபோன நேரத்தில் அக்கா ஸ்தாமெனா தட்டோடு உள்ளே வந்தாள். அவனைவிட ஆறு வயது மூத்தவள். அந்த வீடு அவள் சொற்படி நடக்கும் வீடு. தட்டில் புகை போட்ட இறைச்சி, பாலாடைக்கட்டி, இரண்டு சிறிய கிளாஸ்களில் ரக்கியா என்ற பழச்சாராயம்.

"இது என்னடா பழுப்பா, கருகிப்போன ரொட்டி மாதிரி?"

"மலைதான்க்கா."

"யாருக்கு?"

"எனக்கு."

"தம்பிக்கு?"

வுகோட்டா சதுப்பைக் காட்டினான். ஸ்தாமெனா தட்டை மேசைமேல் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"மூணு மணி நேரம் பனியில கார் ஓட்டிட்டு வந்த புள்ளைய சேத்துல உக்கார வச்சுட்டு, நீ மேட்டுல ஏறி உக்காந்துக்குவியா? நம்ம வீட்டுல? அப்பா இருந்தா உன் காதைத் திருகி எடுத்திருப்பாரு."

"அக்கா, இது விளையாட்டு. விதி அப்படி."

"விதி எழுதுனவன் வீட்டுக்கு விருந்தாளியே வந்ததில்ல போல."

"பரவாயில்லக்கா, எனக்குச் சதுப்பே போதும்," என்றான் கிர்ஸ்தோ. இருபத்தாறு வயது, ஒல்லி உடம்பு, பயங்கர மரியாதை. அந்த மரியாதைதான் காரியத்தைக் கெடுத்தது. அவன் முறைத்திருந்தால் வுகோட்டாவும் விறைத்துக்கொண்டிருப்பான். கொலாஷின் பக்கத்து வீடுகளில் விருந்தாளிக்கு உயர்ந்த நாற்காலி, வீட்டுக்காரனுக்கு முக்காலி. வந்தவனைக் கீழே உட்கார வைத்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் பேரன் காலம்வரை ஓயாது. போதாததற்கு வுகோட்டாவின் மனதுக்குள் ஒரு திமிரும் எட்டிப் பார்த்தது. உப்புக்காற்றில் வளர்ந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்?

"மலைய நீங்களே எடுத்துக்குங்க தம்பி," என்றான்.

சொன்ன வாயில் அப்போதே நாலு போட்டிருக்கலாம்.

முதல் ஏழு சுற்றுகள் சதுப்பிலேயே போயின. வுகோட்டாவின் வீரர்கள் ஒரு கட்டம் நகர்ந்தார்கள், நின்றார்கள், மறுபடி ஒரு கட்டம் நகர்ந்தார்கள். ஒரு மாதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த அத்தனையும் எதிராளியின் பக்கத்தில் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். நடுநடுவே அக்கா வந்தாள். தேன் ஊற்றிய பணியாரம் வந்தது. சோளமாவும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கிண்டிய கச்சமாக் வந்தது. "தம்பி, இன்னும் கொஞ்சம்" வந்தது. கிர்ஸ்தோ எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கையால் சாப்பிட்டான், மறு கையால் படையை நகர்த்தினான். இரண்டிலும் தப்பு செய்யவில்லை.

எட்டாவது சுற்றில் மலையடிவாரம் வந்தது. வுகோட்டா அண்ணாந்து பார்த்தான். உச்சியில் ஒருவரும் இல்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நினைத்தது சரிதான், கடல்காரனுக்கு மலை தெரியவில்லை! கொலாஷின் பக்கத்தில் பிறந்த எவனும் உச்சியைக் காலியாக விடமாட்டான். மாடு மேய்க்கப் போனாலும் முதலில் உச்சியில் போய் நின்று நாலு பக்கமும் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. உச்சி கிடைத்தால் மலை கிடைத்த மாதிரி என்று அவன் தாய்ப்பாலோடு குடித்தவன். பாதிப் படையை மேலே ஏற்றினான். மூன்று சுற்று மூச்சு வாங்க ஏறினார்கள்.

"ஏறிட்டியா?" என்று அக்கா அவன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். உச்சியில் அவன் கொடி பறந்துகொண்டிருந்தது.

"ஏறிட்டேன்."

"பாத்தியா, மேட்ட விட்டுக் கொடுத்தும் ஏறிட்ட. மரியாதையும் மிச்சம்."

அடுத்தது கிர்ஸ்தோவின் முறை. உச்சிக்கு மறுபுறம், கீழிருந்து பார்த்தால் கண்ணுக்கே படாத பின்சரிவில், முகட்டுக்கு இரண்டு கட்டம் தள்ளி அவனுடைய வில்லாளிகள் மொத்தப் பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். உச்சியில் வந்து நிற்பவன் வானத்தில் ஒட்டி வைத்த ஆளைப்போல் எல்லாருக்கும் தெரிவான். அவன் பதிலுக்கு எய்ய ஒரு முறை காத்திருக்க வேண்டும். அந்த முறை வருவதற்குள் வுகோட்டாவின் பாதிப் படை போயிருந்தது.

மலையை விட்டுக் கொடுத்தது ஒரு முட்டாள்தனம். எதிராளி வேண்டுமென்றே காலியாக விட்ட உச்சியில் போய்க் கொடி நட்டது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். மலைக்காரனுக்குக் கடல்காரன் மலையைச் சொல்லிக் கொடுக்கிறான். வுகோட்டாவுக்கு அழுகை வராத குறை. ரக்கியாவை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.

"பிடிச்சிருக்கு போல, இன்னொண்ணு கொண்டு வரவா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்!"

"எதுக்குடா கத்துற? விருந்தாளி முன்னால."

பதினைந்தாவது சுற்றில், ஆத்திரம் கொஞ்சம் இறங்கிய பிறகு, அவன் அந்த மலையை முதல்முறையாக ஒரு வனக்காவலனின் கண்ணால் பார்த்தான். மரம் வெட்டித் திருடுகிறவர்கள் எந்த வழியாக வருவார்கள்? காவலன் எங்கே இல்லையோ அந்த வழியாக. கிர்ஸ்தோவின் ஆட்கள் எல்லாரும் பின்சரிவில். உச்சியில் ஆளில்லை. அப்படியானால் வடக்கே மலையைச் சுற்றி வளைந்து போகும் ஓடைப்பள்ளத்தைப் பார்க்கவும் ஆளில்லை. அந்தப் பள்ளம் உச்சியிலிருந்து மட்டும்தான் தெரியும். உச்சியைக் காலியாக வைத்திருப்பவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டவன்.

பள்ளம் போய் முடிவது இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கணவாயில். கணவாயும் பின்சரிவும் ஒரே உயரம். அங்கிருந்து அடித்தால் ஏற்றம் கிடையாது, அடி முழுசாக விழும். வில்லாளிகளுக்குப் பின்னால் பாசறை. அதைக் காக்க ஒரு ஈட்டிப் படைகூட இல்லை.

வுகோட்டாவிடம் ஐந்து குதிரைப்படைகள் மிச்சமிருந்தன. ஐந்தையும் பள்ளத்தில் இறக்கினான். எதிராளிக்குச் சந்தேகம் வராமலிருக்க, மிஞ்சிய காலாட்படையை அடிவாரத்தில் முட்டாள்தனமாக அங்குமிங்கும் ஓட விட்டான். முட்டாள்தனமாக ஆடுவதில் அன்று அவனுக்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது. பதினாறு, பதினேழு, பதினெட்டு. கிர்ஸ்தோ அமைதியாகக் கச்சமாக்கை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

பத்தொன்பதாவது சுற்று. இந்த முறை கணவாய்க் கட்டம் எட்டுவது முதல் குதிரைப்படைக்கு மட்டும்தான், அதை அங்கே வைத்துவிட்டால் அடுத்த முறை மற்ற நான்கும் அதன் பின்னால் நுழைந்து பரவிவிடும். பாசறை கையில். ஓஹ்ரிட் ஏரியின் தண்ணீர் வுகோட்டாவின் காலில் படுகிற மாதிரியே இருந்தது. குதிரையைத் தேர்ந்தெடுத்தான். அம்புக்குறியைக் கணவாயின்மேல் கொண்டுபோனான்.

"வுகோட்டா! தம்பிக்குக் காப்பி சக்கரை போட்டா, போடாமலா?"

திரும்பினான். திரும்பிய வேகத்தில் விரல் அழுத்திவிட்டது.

கணவாய்க் கட்டத்துக்கு ஒட்டினாற்போல மேலே இருந்தது உச்சிக் கட்டம். குதிரைகள் அங்கே போய் நின்றன. வானத்தில் ஒட்டி வைத்த மாதிரி.

"போடாமக்கா," என்று கிர்ஸ்தோவே பதில் சொன்னான். பிறகு தன் திரையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கை தவறினால் அந்த நகர்வைத் திருப்பிக்கொள்ள விதியில் இடம் உண்டு. எதிராளி சம்மதித்தால் போதும். சம்மதம் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு வார்த்தை, அதிகம் போனால் இரண்டு.

"இதுதான் உங்க நகர்வா அண்ணே?"

வுகோட்டாவின் வாய் திறந்தது. தன் வீட்டுக் கூடத்தில், தன் மேசையில், தன் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளியிடம் எனக்கு ஒன்று கொடு என்று கேட்கவேண்டும். அவன் அப்பா கேட்டிருக்கமாட்டார். அவன் ஊரில் யாரும் கேட்டதில்லை. திறந்த வாயில் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைப் போட்டுக்கொண்டான்.

"ஒரு தடவ பாத்துக்குங்க," என்றான் கிர்ஸ்தோ. "இதுதானா?"

"ஆமா. அதுதான். ஆடுங்க."

கிர்ஸ்தோ ஆடினான். உச்சிக் குதிரைகள் விழுந்தன. இவ்வளவு பக்கத்தில் குதிரை எப்படி வந்தது என்று எச்சரிக்கையாகி, அடுத்த முறையே பின்சரிவில் நின்ற இரண்டு ஈட்டிப் படைகளைக் கணவாயில் கொண்டுவந்து அடைத்தான். மற்ற நான்கு குதிரைப்படைகளும் பள்ளத்திலிருந்து ஏற்றத்தில் முட்டி முட்டி, பாதி பாதியாக அடித்து, முழுசாக அடி வாங்கின. இருபத்துநான்காவது சுற்று முடிந்தபோது திரை எண்ணிக்கை காட்டியது. வுகோட்டா அதைப் படிக்கவில்லை.

"யாரு ஜெயிச்சா?" என்றாள் அக்கா, காப்பியோடு.

"தம்பிதான்."

"சரி விடு. வீட்டுக்கு வந்த புள்ள வெறுங்கையோட போனா நல்லாவா இருக்கும்?"

வுகோட்டா அவளைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது என்றால் காப்பியைக் கீழே போட்டிருப்பார்கள். அவள் புகை போட்ட இறைச்சியில் ஒரு முழுத் தொடையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, காரில் வைத்துக் கொடு என்று அவன் கையிலேயே திணித்தாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கிர்ஸ்தோ கார்க் கண்ணாடியில் படிந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கை தவறிடுச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. அதான் ரெண்டு தடவ கேட்டேன். இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா திருப்பி எடுத்துக்கச் சொல்லியிருப்பேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க," என்றான் வுகோட்டா.

கிர்ஸ்தோ தலையைக் குனிந்துகொண்டான். "நானா எடுத்துக்குங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உங்க வீட்டுலயே உக்காந்துட்டு உங்களுக்கு இரக்கம் காட்டுன மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன்."

இரண்டு பேருடைய மரியாதைக்கும் நடுவில் ஓஹ்ரிட் போய்விட்டது. யாரைத் திட்டுவது என்றுகூட வுகோட்டாவுக்குத் தெரியவில்லை. திட்ட ஆள் இல்லாத கோபம்தான் அவனை அதிகம் படுத்தியது. இறைச்சியைப் பின்சீட்டில் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினான்.

கிர்ஸ்தோ ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினான். "அண்ணே, ஒண்ணு மட்டும் புரியல. அந்தக் குதிரைங்க எந்த வழியா வந்துச்சு? எனக்குக் கண்ணுலயே படலயே."

அது ஒன்றுதான் வுகோட்டாவிடம் மிச்சம் இருந்தது. அடுத்த வருஷம் இதே பையன் எதிரில் வந்து உட்காருவான், இதே மாதிரி உச்சியைக் காலியாக விடுவான். வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். ஆனால் காரின் சக்கரம் இன்னும் அவன் வாசலுக்குள்தான் நின்றது. விருந்தாளி கேட்கிறான்.

"வடக்க ஓடைப்பள்ளம் இருக்கு," என்றான். "உச்சியில ஆள் இருந்தா மட்டும்தான் தெரியும். நீங்க யாரையும் வைக்கல. ஓஹ்ரிட்ல ஒருத்தன மேல நிறுத்துங்க, எய்யறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு. ஒருத்தன் போதும்."

கிர்ஸ்தோ ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "அட! ரொம்ப நன்றிண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.