குண்டனின் கழுத்து

குண்டன் என்று பெயர் வைத்தது அம்மா. பல்கலைக்கழகத்திலிருந்து நான் அதைக் கொண்டுவந்த அன்று அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, வாலும் இல்லாம கழுத்தும் இல்லாம ஒரு குண்டன்," என்றார். அப்போது அதற்குக் கழுத்து இருந்த இடமே தெரியாது. அது தெரியத் தொடங்கியபோதுதான் நோய் வந்ததும் தெரிந்தது.

அது ஒரு கினிப்பன்றி. இறுதியாண்டுச் செய்முறைக்காக வளர்த்தவற்றில் மிஞ்சியது. மற்றவற்றை நாங்கள் அறுத்துப் படித்தோம். மிஞ்சியதை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். பட்டத்தோடு நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது அதுவும் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பதுளையில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. பெயரைக் கேட்பேன், கையை நீட்டச் சொல்வேன், அதோடு சரி. அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா களைத்து வருவார், நான் சும்மா இருப்பேன். குண்டனிடம் மட்டும் பேச வந்தது. ஊசியைக் கண்டு அழுத பெரிய மனிதர்களைப் பற்றி, பஸ்ஸில் கால் மிதித்தவர்களைப் பற்றியெல்லாம் சொல்வேன். அது புல்லை மென்றுகொண்டே கேட்கும்.

போன வருடக் கடைசியில் அது மெலிந்தது. சாப்பாடு குறையவில்லை, கூடியது. பெட்டிக்குள் ஓயாமல் சுற்றியது. தடவிக் கொடுத்தபோது தொண்டைக்குக் கீழே பயறு அளவில் ஒன்று விரலில் உருண்டது.

பதுளையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். நாயும் மாடும் பார்க்கிறவர். குண்டனின் நெஞ்சில் குழாயை வைத்து எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டுவிட்டார். தைரொய்ட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது போலிருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். இவ்வளவு சின்ன உயிருக்கு இரத்தம் சோதிக்க இங்கே வழியில்லை. சுரப்பியை அடக்க மனிதர்களுக்குக் கொடுக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் துளியளவு கரைத்துக் கொடுத்துப் பார்க்கலாம். மருந்து பிடித்தால் இருக்கும். பிடிக்காவிட்டால், என்று தொடங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"தைரொய்ட்மா."

"எனக்கு இருக்கே, அதா?"

"ஆமா. அதே எடத்துல."

அம்மா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தினமும் விடிய போடுகிறவர். பிறகு பெட்டிக்குள் குனிந்தார். "ஏன்டா, ஒனக்கு வேற நோவே கெடைக்கலயா? தோட்டத்துக்கு வந்த ஒடனே எங்க நோவயும் வாங்கிக்கிட்டியா?"

பக்கத்துக் காம்பரா வீட்டு ரெங்கம்மா அத்தை வெளி இஸ்தோப்புத் திண்ணையில் நின்றே சத்தம் போட்டார். "அந்த எலியயும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ தனலெட்சுமி, தொணைக்கு ஆள் கெடச்சிருச்சு! எனக்குந்தான் கழுத்துல என்னமோ முட்டுது, என்னய யாரு பஸ் ஏத்துறா?" சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, இருமலுக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் லயத்தில் சீனி, தீப்பெட்டி போல மாத்திரையும் கைமாறும். ஒரு வீட்டில் பிரஷர் மாத்திரை முடிந்தால் பிரஷர் உள்ள அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வார்கள். நோயின் பெயர் ஒன்றாக இருந்தால் போதும்.

காலையில் பஸ்ஸுக்கு ஓடுமுன்பும் மாலையில் வந்ததும் நான் குண்டனுக்கு மருந்து கொடுத்தேன். ஊசி கழற்றிய சிறிஞ்சைக் கடைவாயில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். பகல் தீனி அம்மாவின் பொறுப்பு. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து சாப்பிட வரும்போது மானாப் புல்லும், கிடைத்தால் கரட்டும் கொண்டுவருவார்.

ஆரம்பத்தில் மருந்து பிடித்தது. சமையல் தராசில் எடை இறங்குவது நின்றது. ஒருநாள் பெட்டியின் மூலையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாத்திரன்னா மாத்திரதான்," என்றார் அம்மா.

பிறகு மறுபடியும் இறங்கியது. வைத்தியர் அளவைக் கூட்டினார். இன்னும் இறங்கியது. மறுபடி கூட்டினார். எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் பிழை தேடினேன். மாத்திரை பழையதா என்று பார்த்தேன். வேறு கடையில் வாங்கினேன். கரைத்ததை வெளிச்சம் படாமல் சுற்றி வைத்தேன். நோயே வேறோ என்று வைத்தியரிடம் கேட்க நினைத்து, கேட்க வாய் வராமல் திரும்பினேன். குண்டனின் முதுகெலும்பு விரலுக்குத் தெரிந்தது. உரோமம் கையோடு வந்தது. கையில் எடுத்தால் உடம்பு முழுவதும் ஓர் இதயமாகத் துடித்தது.

அந்தக் காலத்தில் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. இரண்டு சுவெட்டர் போட்டும் குளிருது என்றார். குரல் தடித்துப்போனது. முகம் ஊதியது. விளக்குப் போட்டதும் தூங்கினார். பறிக்கும் கொழுந்து குறைந்தது. மலையில் கணக்குப்பிள்ளை, "என்ன தனலெட்சுமி, கொழுந்து பறிக்கிறியா, ஒவ்வொண்ணா கும்பிட்டுப் போறியா?" என்று கேட்டதாகச் சொல்லி அம்மாவே சிரித்தார். மழை மாதம். லயத்தில் எல்லோருக்கும் குளிர்ந்தது. குண்டனைப் பிடித்த கையோடு அம்மாவின் கையைத் தொட்டால் கல்லைத் தொட்டது போல இருக்கும். அதைப் பற்றி நான் நினைத்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், குண்டன் என் மடியில் செத்துப்போனது. கடைசிவரை அதற்குப் பசித்தது. வாயில் பாதி மென்ற கரட் இலை இருந்தது.

லயத்துக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் இடத்தில் அம்மா மண்வெட்டியால் குழி வெட்டினார். நாலு வெட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நான் கேட்டும் மண்வெட்டியைத் தரவில்லை. மண்ணை மூடி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன் புள்ள."

"என்னம்மா?"

"முழுசா குடுத்திருக்கணும். பாதிதானே குடுத்தேன்."

"எத?"

"எம் மாத்திரையத்தான். வெடிய ஒடச்சு, பாதிய நான் போட்டுக்கிட்டு, மீதிய முந்தானையில முடிஞ்சு வச்சுக்குவேன். பகலுக்கு வந்து கரட்டுக்குள்ள சொருகிக் குடுப்பேன். ஒம் மருந்துல கொஞ்சம் தேறிச்சுல்ல, நானும் சேத்துக் குடுத்தா சீக்கிரம் எந்திரிச்சுக்கும்னு நெனச்சேன்."

அம்மா மூடிய மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தார்.

"நீ அதுகிட்ட மட்டுந்தானே வாயத் தொறக்குற. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். பஸ்ஸுல எவனோ ஒன் கால மிதிச்சான்னு சொன்னியே, அன்னிக்கு எனக்கு என்னா சிரிப்பு!" அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பாதி பத்தலதானே, சக்தி?"

அம்மாவின் தைரொய்ட் வேலை செய்வது போதாது. போதாததை அந்த மாத்திரை நிரப்புகிறது. குண்டனுடையது ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காலையிலும் மாலையிலும் நான் அணைத்த நெருப்புக்கு அம்மா பகலில் விறகு வைத்திருக்கிறார், தன் அடுப்பிலிருந்து எடுத்து. ஆய்வுகூடத்தில் இந்த இரண்டு வகை அறிக்கைகளும் தினமும் என் கை வழியாகத்தான் போகின்றன.

"எது செஞ்சாலும் போயிருக்கும்மா," என்றேன்.

"படிச்ச புள்ள சொல்ற," என்றார் அம்மா. நம்பவில்லை. கஞ்சத்தனம் என்றே நினைத்துக்கொள்ளட்டும், மற்றதை விட அது சின்னது என்று நினைத்தேன். "நாளையிலருந்து நீங்க முழுசா போடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் விடிய, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக அம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். முகம் இன்னும் ஊதியிருந்தது. குண்டனின் பெட்டி இருந்த மூலையை யாரும் பார்க்கவில்லை. அம்மா மாத்திரையை எடுத்து, பழக்கத்தில் உடைத்தார். பாதியை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மீதியை முந்தானையில் முடிந்தார்.

"முழுசா போடுங்கன்னேனேம்மா."

"இருக்கட்டும் புள்ள. ரெங்கம்மாவுக்கு கழுத்துல முட்டுதாம். எத்தன மாசமா சொல்றா, கிளினிக்குப் போகவும் மாட்டேங்குறா. ஆளும் எலும்பா போயிட்டா பாரு, ஓயாம பறந்துக்கிட்டுத் திரியிறா. குண்டனுக்கு ஒழுங்கா குடுக்கல, இவளுக்காவது குடுப்போம்."

வெளியே ரெங்கம்மா அத்தை கூடையை எடுத்துக்கொண்டு, "வர்றியா இல்லயா?" என்று கத்துவது கேட்டது. அம்மா செருப்பைத் தேடினார்.

"அம்மா, அத அவங்களுக்குக் குடுக்காதீங்க."

"ஏன்? ஒரே நோவுதானே?"

நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். அம்மாவுக்கு வழி இல்லை.

"இல்லம்மா," என்றேன். "ஒரே நோவு இல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்கம், தேயிலை தொடங்கும் இடத்தை நோக்கி அவர் முகம் திரும்பியது. கை முந்தானை முடிச்சிலேயே இருந்தது.