ஒன்பது நொடிகள்

மாட்டுப்பட்டிக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்று வருடங்களுக்கு முன்பு புதிதாக வேலைக்கு வந்தேன். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வெகுஜனத் தொடர்பியல் பாடம். எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர்ப் பக்கம். நான் ‘ஏனுங்க’ என்று சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கும். இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் வேறு பாடம் கிடைக்காமல் வந்து உட்கார்ந்தவர்கள். விரும்பிக் கேட்டு வாங்கியவள் ரிஞ்சு மட்டும்தான்.

அவளுடைய அம்மா சிசிலி அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லயத்து வரிசையில் வீடு. முதல் அஸைன்மென்டாக, சொந்த ஊரிலிருந்து இரண்டு நிமிடத்தில் ஒரு வீடியோ செய்தி எடுத்துவரச் சொன்னேன். மற்றவர்கள் அணைக்கட்டையும் மாட்டுப்பண்ணையையும் எடுத்துவந்தார்கள். ரிஞ்சு, எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் மூன்று வாரமாகக் குழாயில் தண்ணீர் வராததை எடுத்துவந்தாள்.

காப்பகத்து ஆயா சகாயமேரி. பத்தொன்பது வருடமாக அங்கே இருப்பவர். ரிஞ்சுவையே தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அதனால் கூச்சமில்லாமல் கேமராவைப் பார்த்துப் பேசியிருந்தார். பதினொரு நிமிடம்.

“தண்ணி இல்லன்னா என்ன செய்ய? புள்ளைங்கள ஒறங்க வச்சிட்டு, கதவச் சாத்திட்டு, ஓடைக்குப் போவேன். நான் வர்ற வரைக்கும் அன்னத்தாய் உள்ள ஒக்காந்துக்கிடுவா. பக்கத்து லயந்தான். அவ இல்லாம ஒருநாளும் நான் எறங்கினதில்ல.”

பள்ளிக் கம்ப்யூட்டரில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதை வெட்டினோம். கடைசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒன்பது நொடி மிஞ்சியது. அன்னத்தாயைப் பற்றிய வாக்கியங்கள் சரியாக ஒன்பது நொடி.

“அத வெட்ட வேணாம் மிஸ், தப்பா ஆயிடாதா?” என்றாள் ரிஞ்சு.

“புதுசா ஒரு பேரு வந்தா பாக்கறவங்களுக்குக் குழப்பமாயிரும். செய்தி தண்ணியப் பத்தித்தானே?” என்று நானே மவுஸை வாங்கி வெட்டினேன்.

பள்ளியின் யூடியூப் சேனலில் அது வெள்ளிக்கிழமை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் யாரோ இருபது நொடியை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். ‘பச்சைக் குழந்தைகளைப் பூட்டிவைத்துவிட்டு ஊர்சுற்றும் ஆயா’ என்று மேலே எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். புதன்கிழமை காப்பகத்தில் புதுத் தொட்டி வைத்து, குழாய் சரிசெய்தார்கள். அன்றைக்கே சகாயமேரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

முழு வீடியோவையும் உடனே சேனலில் போட்டேன். வெட்டிய துண்டைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முழுசைப் பார்த்தவர்கள் அறுபத்துமூன்று பேர்.

பிரின்சிபால் அறையில் எஸ்டேட் ஆட்களும் பெற்றோர் சங்கத்தாரும் கூடினார்கள். சிசிலியும் வந்திருந்தாள். இதை வெட்டி ஒட்டியது யார் என்று பிரின்சிபால் கேட்டார். வீடியோவின் முடிவில் ‘தயாரிப்பு, படத்தொகுப்பு: ரிஞ்சு’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. மாணவிக்குப் பெயர் வரட்டும் என்று நான் போட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை என்பது மனதில் ஓடியது. யோசித்து முடிப்பதற்குள் ரிஞ்சு எழுந்தாள்.

“நாந்தான் சார்.”

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பத்து நாள் மகளோடு பேசவில்லை என்று பின்னால் தெரிந்தது. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாளாம்.

மூன்றாம் வாரம்தான் எனக்குத் துணிவு வந்தது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். முழுசையும் போட்டுக்காட்டி, வெட்டியது நான்தான், பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்றேன். மேனேஜர் பொறுமையாகப் பார்த்தார்.

“டீச்சர், ரெண்டுலயும் அவங்க வாய்தான பேசுது?” என்றார். “வேற ஆள் போட்டாச்சு.”

அங்கிருந்து நேராக சிசிலி வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டாள்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா எம்புள்ளய நான் அடிச்சிருக்க மாட்டேன், டீச்சர்.”

அடித்தது எனக்கு அதுவரை தெரியாது.

வேலை போனால் லயத்து வீடும் போகும். சகாயமேரிக்குப் புருஷன் இல்லை. போடியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். தினமும் காலையில் ஜீப்பில் மலையேறி, போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறாராம். ஒரு சனிக்கிழமை ரிஞ்சுவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் செக்போஸ்ட் பக்கத்துக் கடையோரம் ஜீப்புக்காக நின்றிருந்தார். பிளாஸ்டிக் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தார். கையெல்லாம் கறை. ரிஞ்சுவைப் பார்த்ததும் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்தார்.

“மெலிஞ்சுட்டியேடி. சாப்புட்டியா?”

ரிஞ்சு அழுதாள். அவளைக் கடைக்குள் கூட்டிப்போய் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தபோது சொன்னேன்:

“ஏனுங்கக்கா, நீங்க சொன்னதுல பாதிய நாந்தானுங்க வெட்டுனேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. தப்பு எம்மேலதானுங்க.”

சகாயமேரி முகத்தில் கோபம் தெரியவில்லை. அது இருந்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

“வெளிய விடுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒருவாட்டி போட்டுக் காட்டியிருக்கலாம்ல, டீச்சர்? நானே சொல்லியிருப்பேன், அன்னத்தாய விட்டுட்டீங்கன்னு.”

காப்பகத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு தேயிலைச் சரிவுதான். நடந்தால் பத்து நிமிடம்.

“மறுபடியும் ஆபீஸ்ல பேசறனுங்க,” என்றேன்.

“வேணாம். இங்க பழகிருச்சு. ஒங்க பஸ் போயிறப்போகுது, பாத்துப் போங்க.”

ஜீப் வந்தது. பதினைந்து பேருக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொண்டு ரிஞ்சுவுக்கு மட்டும் கையசைத்தார்.

திரும்பும் வழியில், பாடத்தை மாற்றிக்கொள்கிறாயா, பிரின்சிபாலிடம் நான் கேட்கிறேன் என்றேன். ரிஞ்சு ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தாள்.

“வேணாம் மிஸ். படிச்சிட்டுப் போறேன்.”

படித்தாள். இரண்டு வருடமும் வகுப்பில் அவள்தான் முதல் மார்க். கேள்வி கேட்டால் எழுந்து சரியாகப் பதில் சொல்வாள். தானாக ஒன்றும் கேட்கமாட்டாள். பிளஸ் டூ முடித்து, தொடுபுழையில் ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்கப் போனாள். போகும்போது எல்லா டீச்சர்களிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடமும் வந்து, “வர்றேன் மிஸ்” என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.