ஊர் ஜனம் ஒத்துக்காது

எண்பத்தாறாம் வருடம் பஞ்சாயத்துத் தேர்தல் அறிவித்த மறுநாளே மணியம்மாள் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள். அடி அண்ணாமலை காலனிக்காரி. பதினாறு வருடமாகக் கட்சியில் இருப்பவள். மழை பொய்த்த வருடம் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு நான்கு தடவை அலைந்து, ஊருக்கும் காலனிக்கும் சேர்த்துப் போர் போட வைத்தது அவள்தான். தலைவர் பதவிக்குத் தன்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த ஊரில் கட்சிக்கு இல்லை என்று நினைத்தாள். அதை மனுவிலும் எழுதச் சொல்லியிருந்தாள்.

ஒன்றியச் செயலாளர் கோதண்டராமன் மனுவைப் படித்துவிட்டு நான்காக மடித்தார்.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல மணியம்மா. நான் சாதி பாக்கறவனா, நீயே சொல்லு. ஆனா ஊர் ஜனம் ஒத்துக்காதே. மேட்டுத்தெருவுல ஒரு ஓட்டு விழாது."

"யாருங்க ஐயா ஒத்துக்காதது?"

"சடையன் மாதிரி பெரியவங்கதான். நேத்துகூட முணுமுணுத்தாரு."

மறுநாள் காலை சடையன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். மணியம்மாள் ஓரமாக நின்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"நானா?" முறத்தைக் கீழே வைத்தார் அவர். "நான் எப்போ சொன்னேன்? நீ தலைவராயிட்டா எனக்கென்ன? வேணு வீட்டுப் பக்கம்தான் இந்தப் பேச்செல்லாம் ஜாஸ்தி. அவங்க மனசு கோணக்கூடாதேன்னு பாக்கறேன்."

வேணு கிரிவலப் பாதையில் கற்பூரக் கடை வைத்திருந்தான். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"எனக்கு அதெல்லாம் கிடையாது. வீட்டுப் பொம்பளைங்கதான் பழைய ஆளுங்க. என்ன பண்றது?"

உள்ளே சாமான் கட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். "நானா? நான் அப்பிடி உங்ககிட்ட எப்போங்க சொன்னேன்?"

"நீ போய் வேலயப் பாரு" என்றான் வேணு.

வெயில் ஏறிவிட்டது. மணியம்மாள் வீடு திரும்பி, சோற்றைப் பிசைந்துகொண்டே புருஷனிடம் சொன்னாள். கண்ணாயிரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"ஊர விடு. நம்ம ஆளுங்களே பொம்பளைக்குப் போடமாட்டானுங்க."

"நீ?"

"நான் போடுவேன். மத்தவங்களச் சொல்றேன்."

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. தட்டை நகர்த்திவிட்டுக் கையைக் கழுவினாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி கட்சி ஆபீஸ். கோதண்டராமன் எதிரில் நின்றபடியே பேசினாள்.

"கேட்டுட்டேன் ஐயா. ஒருத்தரும் நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லல. அடுத்த ஆளக் காட்றாங்க. ஊர விடுங்க. உங்க ஓட்டு எங்க ஊர்ல இருந்தா, நீங்க எனக்குப் போடுவீங்களா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த நோட்டீஸ் கட்டைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். பிறகு, "டீ சாப்பிட்றியா?" என்றார்.

வேண்டாம் என்றாள்.

"தருமனுக்குன்னு மேலிடத்துல முடிவாயிடுச்சும்மா. என் கையில என்ன இருக்கு?"

தருமன் அவருடைய மச்சினன்.

மணியம்மாள் சுயேச்சையாக நின்றாள். கண்ணாயிரம் கூடவே வந்தான். நோட்டீஸ் கொடுத்தான், கோஷம் மட்டும் போடவில்லை. மேட்டுத்தெருவில் வீடு வீடாகக் கும்பிட்டார்கள். எல்லோரும் "சரி, சரி" என்றார்கள்.

தருமனுக்கு அறுநூற்றுப் பதினொன்று. அவளுக்கு இருநூற்று முப்பத்தெட்டு.

ஓட்டு எண்ணிய இடத்தின் வாசலில் கோதண்டராமன் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தார். அவளைக் கண்டதும் குரலில் உண்மையாகவே இரக்கம் வந்தது. "நான் அப்பவே சொன்னேன். நீதான் கேக்கல. ஊர் ஜனத்த நம்ம மாத்த முடியுமா?"

அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. நொண்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் ஊர்க்காரர்கள். மேட்டுத்தெருப் பெண் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்கார்ந்த பிறகுதான் மணியம்மாளுக்குக் கணக்கு உறைத்தது. காலனியில் மொத்தமே நூற்றெழுபது ஓட்டு. அத்தனையும் தனக்கே விழுந்திருந்தாலும் மீதி அறுபத்தெட்டு மேட்டுத்தெருவுடையது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரென்று எதிலும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இனி யாரையும் எதுவும் கேட்க முடியாது போலிருந்தது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.